மானிட்டர் பதவி: பிரிட்டிஷ் தொடக்கப் பள்ளி குறித்து ஒரு சிற்றாய்வு

காலை பத்தரை மணி வாக்கில், இங்கிலாந்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வலம் வரும். நான்கு முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்தோறும் ஒரு பழமோ காய்கறியோ இலவசமாகக் கிடைக்கும். அது அங்கே அரசுத் திட்டம். ஒரு நாள் ஆப்பிள், ஒரு நாள் சின்ன ஆரஞ்சு, ஒரு நாள் பச்சைக் கேரட். கிண்ணத்தை ஏந்தி வருபவர் பழ மானிட்டர். வயது ஐந்து. கம்பளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் வரிசையின் ஒரு முனையில் தொடங்கி, யாரையும் தாண்டாமல் மறுமுனை வரை போகவேண்டும். கிண்ணத்தை நீட்டுவது அவர் வேலை. எடுப்பது எடுப்பவர் உரிமை. உயிர்த் தோழிக்காகப் பெரிய ஆப்பிளை மேலே புரட்டி வைக்கக்கூடாது. தன் பங்கைக் கடைசியில்தான் எடுக்கவேண்டும். கடைசியில் மிஞ்சியது அடிபட்ட ஆப்பிளாக இருந்தால், அடிபட்ட ஆப்பிள்தான்.

இதை நான் முழுப் பொருளில் ஒரு பதவி என்றே கொள்கிறேன். அதனால்தான் அந்த ஐந்து வயதுப் பிள்ளையை ‘அவர்’ என்று எழுதுகிறேன். ஒரு வேலை பதவி ஆவதற்கு ஒரே ஓர் இலக்கணம்தான் உண்டு: அதைச் செய்யாமல் விட்டால் மற்றவர்களுக்குக் குறை தெரியவேண்டும். பழக் கிண்ணம் பாதியில் நின்றால் பதினைந்து பேருக்குப் பசி. பதக்கமும் பட்டையும் இருந்து, செய்யாவிட்டால் யாருக்கும் தெரியாத வேலை பதவி ஆகாது. பிரிட்டிஷ் தொடக்கப் பள்ளியைப் பற்றி ஆய்வாளர்கள் பாடத்திட்டம், தேர்வு, ஆய்வதிகாரி என்று நிறைய எழுதுகிறார்கள். பள்ளியின் ஒரு நாளை உண்மையில் நகர்த்துவது இந்தச் சின்னப் பதவிகள். அவற்றுக்கு உரிய கவனம் கிடைப்பதில்லை.

பதவிகளின் பட்டியல் பெரும்பாலும் வகுப்பறைக் கதவுக்கு அருகே தொங்கும். துணிக் கிளிப்பில் பெயர் எழுதி, வேலையின் படத்துக்கு நேரே மாட்டியிருப்பார்கள். திங்கட்கிழமை கிளிப்புகள் இடம் மாறும். விளக்கை அணைப்பவர், பென்சில் சீவி வைப்பவர், புத்தக அலமாரியை அடுக்குபவர் என்று பல பதவிகள் உண்டு. எல்லாரும் விரும்புவது வரிசைத் தலைமை. இங்கிலாந்தில் சின்ன வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்பது 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த வரம்பு. ஆகவே கூட்ட அரங்குக்கோ சாப்பாட்டுக்கோ போகும் வரிசையில் முப்பது பேர் வரை இருப்பார்கள். தலைவர் வேகமாக நடந்தால் வரிசை நடுவில் அறும். மெதுவாக நடந்தால் பின்னால் இருப்பவர்கள் முன்னால் இருப்பவர் முதுகில் மோதுவார்கள். திரும்பிப் பார்க்காமலே பின்னால் எவ்வளவு தூரம் வரிசை இருக்கிறது என்று உணர்வது ஒரு திறமை. அது ஒரு வாரத்துக்குள் கைகூடுகிறது. கதவு பிடிப்பவர் நிலை வேறு. அவர் வரிசையில் இரண்டாவதாகப் புறப்படுகிறார். தோளைக் கொடுத்துக் கனமான தீத்தடுப்புக் கதவைத் தாங்கி நிற்கிறார்; அத்தனை பேரும் கடந்த பிறகு கடைசி ஆளாகச் சேர்ந்துகொள்கிறார். சாப்பாட்டு அரங்கில் கடைசியாகத் தட்டு ஏந்துபவர் அவர்தான். மனமுவந்து அதைச் செய்யும் பிள்ளைகளுக்கு என் மரியாதை தனியாக உண்டு.

இந்த மானிட்டர் பதவியின் ஊற்றுக்கண்களில் ஒன்று சென்னை எழும்பூரில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789-இல் எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். இங்குள்ள திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அதைச் செய்யச் சொன்னார். சம்பளம் வாங்கிய ஆசிரியர்களுக்கு அது ஒத்துவரவில்லை. எனவே அரிச்சுவடி வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். ஃபிரிஸ்கன் ஒரு சிப்பாயின் மகன். பெரியவர்கள் முடியாது என்று சொன்னதை அவன் செய்து காட்டினான். பெல் அங்கிருந்து வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளிடமே பொறுப்பைக் கொடுத்துக்கொண்டு போனார். ஊர் திரும்பி 1797-இல் அந்தச் சோதனையை நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக 1811-இல் அமைந்த தேசியச் சங்கத்தின் பள்ளிகள் அவர் முறையைப் பின்பற்றின. செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் பணத்தால் எழுந்த பள்ளியின் பெயர் இன்றும் மெட்ராஸ் கல்லூரிதான். திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்கு அடுத்த நிலையில் பாடம் கேட்ட சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு இந்த வரலாற்றில் ஆச்சரியம் குறைவாகவே இருக்கும். பெருமை கொஞ்சம் கூடலாம், அதில் தவறில்லை.

ஆனால் பெருமையோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அதே காலத்தில் லண்டன் பரோ ரோட்டில் ஜோசப் லங்காஸ்டரும் மானிட்டர்களைக் கொண்டு பெரும் பள்ளி நடத்தினார். ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள், செலவு மிகக் குறைவு. நேற்றுத் தான் கற்றதை இன்று பத்து வயதுப் பிள்ளை சொல்லிக்கொடுத்தது. மனப்பாடத்தைத் தாண்டி அது போக முடியவில்லை. குற்றம் செய்த பிள்ளையைக் கூடையில் ஏற்றிக் கூரையிலிருந்து தொங்கவிடுவது லங்காஸ்டரின் தண்டனைகளில் ஒன்று. குற்றத்தைக் கண்டு சொல்லும் வேலை மானிட்டருடையது. வகுப்பில் பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும் ‘லீடர்’ பதவியை வகித்தவர்களும், அதில் பெயர் ஏறியவர்களும் நம்மிடையே ஏராளம். அந்த வேலை நட்பைக் கெடுக்கும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். 1846-இல் அரசு, பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பயிற்சி மாணவ ஆசிரியர்களுக்கு ஊதியம் தரத் தொடங்கியது. அதன் பிறகு கற்பிக்கும் மானிட்டர் முறை மெல்ல மறைந்தது. பொருளைச் சுமக்கும், பகிர்ந்து தரும் மானிட்டர் மட்டும் தங்கினார். நல்ல பகுதி நிலைத்தது என்பதே என் தீர்ப்பு.

அப்படித் தங்கியவர்களில் இருவர் இப்போது இல்லை. ஒருவர் மை மானிட்டர். மைத்தூளைத் தண்ணீரில் கரைத்து, மேசைத் துளைகளில் பொருத்திய பீங்கான் குப்பிகளில் சிந்தாமல் ஊற்றிவருவார். பந்துமுனைப் பேனா வந்து அவர் வேலை போயிற்று. மற்றவர் பால் மானிட்டர். 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு பைன்ட் பால் இலவசமாகக் கிடைத்தது. குளிர்காலத்தில் வெளியே இருந்த கூடையில் பால் உறைந்து தகட்டு மூடியைத் தூக்கி நிற்கும். வெப்பக் குழாய் அருகே வைத்தால் வெதுவெதுப்பாகி வாடை வரும். புட்டிகளையும் உறிஞ்சுகுழல்களையும் எண்ணி வைத்து, காலிப் புட்டிகளைத் திரும்பச் சேர்ப்பது அவர் கடமை. 1971-இல் கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களின் பாலை நிறுத்தினார். பால் திருடி என்ற வசைப்பெயர் அவருக்குக் கடைசி வரை ஒட்டிக்கொண்டது. பால் போனதைப் பற்றி நாடே பேசியது. கூடவே போன பதவியைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசியிருக்கவேண்டும்.

மூன்றாவதாக இழந்துகொண்டிருப்பது வருகைப் பதிவேடு சுமக்கும் பதவி. பிள்ளைகளின் வருகையைக் காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் பதிவது சட்டக் கட்டாயம். முன்பு ஆசிரியர் பெயர் கூப்பிட்டு முடித்ததும் இரண்டு பிள்ளைகள் பதிவேட்டை அலுவலகத்துக்கு எடுத்துப் போவார்கள். தனியாக யாரையும் அனுப்புவதில்லை. மேலங்கிகள் தொங்கும் நீண்ட தாழ்வாரம், தட்டவேண்டிய கதவு, தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் அலுவலக அம்மா. அவர் பேசி முடிக்கும் வரை காத்திருந்து, முகத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டு வரவேண்டும். ஆறு வயதில் துணைக்குப் பெரியவர் இல்லாமல் செய்யும் அரசுக் காரியம் அது. இன்று கணினியில் ஒரு சொடுக்கு போதும். சில ஆசிரியர்கள் பிள்ளைகளை எப்படியாவது அந்தத் தாழ்வாரத்தில் நடக்கவைக்க, சாப்பாட்டுப் பட்டியலையோ தவறிய கையுறையையோ கொடுத்து அனுப்புகிறார்கள். அவர்கள் செய்வதே சரி.

பதவியை நன்னடத்தைக்குப் பரிசாகத் தரும் வழக்கம் சில வகுப்புகளில் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. அப்படித் தந்தால் ஏற்கெனவே கைகட்டி உட்காரத் தெரிந்த பிள்ளைகளிடமே பதவிகள் சுற்றிவரும். கிளிப்பு முறைப்படி நகரவேண்டும். அடங்காத பிள்ளைக்கும், வாயே திறக்காத பிள்ளைக்கும் அவரவர் வாரம் வரவேண்டும். வேலையைத் தப்பாகச் செய்தாலும் வாரம் முடியும் வரை பறிக்கக்கூடாது.

ஆறாம் ஆண்டில், அதாவது பத்துப் பதினொரு வயதில், பதவிகள் கனமாகின்றன. கூட்ட அரங்கில் பாட்டுப் போடுவது, திரையை இயக்குவது, நாற்காலி அடுக்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பல பள்ளிகளில் செப்டம்பரில் புதிதாகச் சேரும் நான்கு வயதுப் பிள்ளைக்கு ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒருவர் துணையாக அமர்ந்து படித்துக்காட்டுவார். விளையாட்டு மைதானத்தில் பளிச்சென்ற மேலாடை அணிந்து நிற்கும் தோழர்களும் உண்டு. மைதானத்துக்கென்று பிள்ளைகளே வகுத்த சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. விரல்களைப் பின்னிக்கொண்டால் பிடிபடாமல் தப்பலாம் என்பது போன்ற விதிகளை அயோனா, பீட்டர் ஓபி தம்பதி 1959-இல் வெளியிட்ட பெருநூலில் ஊர் ஊராகத் தொகுத்திருக்கிறார்கள். மேலாடை அணிந்தவர் அந்தச் சட்டத்தில் தலையிடக்கூடாது. தனியே நிற்கும் பிள்ளையைக் கண்டு அருகே போய் நிற்பதே அவர் வேலை.

இந்த மரபில் வந்த மிக நல்ல பதவி, என் கணிப்பில், ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் உருவாகிப் பிற இடங்களுக்கும் பரவிய இளம் மொழிபெயர்ப்பாளர் திட்டம். ஆங்கிலம் தெரியாமல் நடு ஆண்டில் வந்து சேரும் பிள்ளைக்கு உதவப் பிற பிள்ளைகளுக்கு முறையாகப் பயிற்சி தருகிறார்கள். கழிப்பறை எங்கே, மணி அடித்தால் எங்கே வரிசையில் நிற்கவேண்டும், சாப்பாட்டுத் தட்டை எங்கே வைக்கவேண்டும் என்று காட்டுவதே பெரும்பகுதி வேலை. ஒரே மொழி பேசவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சைகையும் படமும் போதும். லண்டனின் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பகுதிகளைப் போலத் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இடங்களில், வீட்டுத் தமிழே தாழ்வாரத்தில் பயன்படும் வாய்ப்பு உண்டு. ஆனால் இப்பதவிக்கு எல்லை வேண்டும். மைதானமும் சாப்பாட்டு அரங்கும் பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும். பெற்றோர் சந்திப்பு, உடல்நலக் குறிப்பு, வீட்டுச் சிக்கல் இவற்றுக்குப் பள்ளி பெரியவரான மொழிபெயர்ப்பாளரைத்தான் அழைக்கவேண்டும், செலவானாலும் சரி.