கெலவரப்பள்ளி நுரைக்கு ஓசூரின் நன்றிக் கடிதம்

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பரிசர பவன், சர்ச் தெரு, பெங்களூரு.

நகல்: தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கிண்டி, சென்னை. (வழக்கம்போல் கோப்பில் சேர்த்தால் போதும்.)

பொருள்: தென்பெண்ணை வழியாக ஓசூருக்கு இலவச ஷாம்பு அனுப்புவது – நன்றி தெரிவித்தல் – பொடுகு தீராதது – தொடர்பாக.

ஐயா,

ஓசூர்வாசிகள் வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்வது. மழை பிடித்து, கெலவரப்பள்ளி அணையின் மதகு திறந்ததும் ஆற்றில் வெள்ளை வெளேரென்று நுரை பொங்கிவிடுகிறது. தட்டகானப்பள்ளி தரைப்பாலம் நுரைக்குள் மறைந்து போக்குவரத்தே நின்றிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிப் படம் பிடிக்கிறார்கள்; உள்ளூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். இத்தனை நுரை தரும் சரக்கைக் கூரியர் செலவுகூடக் கேட்காமல் எல்லை தாண்டி அனுப்பிவைக்கும் பெருந்தன்மைக்கு ஊரின் நன்றி.

ஓசூருக்கு ஷாம்பு தேவைப்படுகிறது என்பதை வாரியம் சரியாகவே கணித்திருக்கிறது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று தொடங்கி, சிப்காட் வளாகங்களில் பெரிதும் சிறிதுமாக நிற்கும் ஆலைகள் வரை, இங்கே தலை என்பது பெரும்பாலும் மூடியே இருக்கும் உறுப்பு. இரும்பு வேலைக்கு ஹெல்மெட், எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குத் தலைவலையும் தொப்பியும். விடியுமுன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பெண், குளித்த ஈரம் காயாமலே கொண்டை போட்டு, அதன்மேல் வலையை மாட்டி எட்டு மணி நேரம் நிற்கிறாள். ஷிப்ட் முடிந்து தொப்பியைக் கழற்றினால் கறுப்புத் துப்பட்டாவில் வெள்ளைத் தூள். தூசி புகக் கூடாதென்று கண்ணாடி அறை கட்டிப் பொருள் கோக்கும் ஊரில் இது சின்ன சங்கடம் இல்லை.

இங்கே வாரியத்துக்கு ஒரு நற்சான்றிதழ் தரவேண்டியிருக்கிறது. ஓசூரின் பொடுகுக்கு வாரியம் காரணமல்ல. மாசு விவகாரத்தில் இப்படிப்பட்ட சான்று அடிக்கடி கிடைக்காது. பிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம். பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசேசியா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை. ஏறக்குறைய எல்லார் தலையிலும் அது வாடகை தராமல் குடியிருக்கிறது. தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையைச் சிதைத்துத் தின்றுவிட்டு, ஓலிக் அமிலம் போன்ற மிச்சத்தை விட்டுவைக்கிறது. அந்த மிச்சம் ஒத்துக்கொள்ளாத தலைகளில் அரிப்பெடுத்து, தோல் அவசர அவசரமாகச் செதில் உதிர்க்கிறது. வியர்வையும் பசையும் சேர்ந்து புழுங்கும் தொப்பிக்குள் தொல்லை கூடும். ஓசூரின் பனிக்கால வறட்சி அதோடு சேர்ந்துகொள்ளும்.

வைத்தியத்துக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பாட்டிமார்கள் இருக்கிறார்கள். போதாததற்கு ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த பெண்கள் விடுதிகளுக்குக் கடுகெண்ணெயைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ராத்திரி இரண்டு ஸ்பூன் வெந்தயத்தை ஊறப்போட்டு, காலையில் மிக்ஸியில் வழவழவென்று அரைத்து, புளித்த தயிரில் குழைத்து வேர்க்காலில் தேய்த்து அரை மணி நேரம் ஊறவிடுவது பரவலான முறை. அதில் நியாயம் இருக்கிறது. தயிரின் லாக்டிக் அமிலம் ஒட்டிய செதிலை நெகிழ்த்தும். வெந்தயத்தின் கொழகொழப்பு அதை அலசலோடு இழுத்துப் போகும். பூஞ்சையை இவை ஒழித்துவிடும் என்பது மட்டும் மிகை. அன்றைய ஷிப்ட் முழுக்கப் பக்கத்து மேசைக்காரிக்கு வெந்தய வாசனை இலவசம்.

அடுத்தது அரப்பு. உசிலை இலையைக் காயவைத்துப் பொடித்தது; தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சீயக்காய்க்கு அண்ணன். எண்ணெய்ப் பசையை நன்றாகவே எடுக்கும், பூஞ்சைக்குத் தீனி குறையும். ஆனால் பச்சைத் தூள் முடிக்குள் சிக்கிக்கொண்டால், அதை அலச இரண்டு வாளித் தண்ணீர் கூடுதலாக வேண்டும். லாரித் தண்ணீர் வாங்கும் வாடகை வீட்டில் அந்த இரண்டு வாளிக்கு வீட்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எலுமிச்சம்பழத்தை அறுத்து நேராக மண்டையில் தேய்ப்பவர்களும் உண்டு. அரிப்பெடுத்துச் சொறிந்த புண்ணில் அது தீயாக எரியும். சாறு ஒட்டிய தோலோடு வெயிலில் நின்றால் கொப்புளமும் வரலாம். ஆப்ப சோடா இன்னும் மோசம். தோலுக்கு இயல்பான லேசான அமிலத்தன்மையை அது கெடுத்துவிடும். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ராத்திரி முழுக்க ஊறவிடுவது குளுகுளுவென்று இருக்கும். பூஞ்சைக்கும் அது விருந்தாகிவிடலாம். எண்ணெய்ச் சத்தில்லாமல் வளரத் தெரியாத உயிர் அது. ஆய்வுக்கூடத்தில் மலசேசியாவை வளர்க்க ஆலிவ் எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்பதை, எண்ணெய்ப் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் யாராவது பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

இயற்கை வைத்தியத்திலும் சோதனைக்கு நின்ற சரக்கு உண்டு. 5 சதவீத டீ ட்ரீ எண்ணெய் கலந்த ஷாம்பை 126 பேரிடம் நான்கு வாரம் சோதித்த முடிவு 2002-இல் வெளிவந்தது. அந்த எண்ணெய் உள்ளதைப் போட்டவர்களுக்கு 41 சதவீத முன்னேற்றம், இல்லாததைப் போட்டவர்களுக்கு 11 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு, நீர் கலந்த தேனை ஒருநாள் விட்டு ஒருநாள் தடவி மூன்று மணி நேரம் வைத்திருந்த 30 பேருக்கு ஒரே வாரத்தில் அரிப்பு அடங்கியதாக ஓர் ஆய்வு சொன்னது. தேனைத் தலையில் பூசி மூன்று மணி நேரம் உட்கார, ஓவர்டைம் இல்லாத வேலை வேண்டும். முடியாதவர்கள் மெடிக்கலில் கீட்டோகோனசோல் ஷாம்பு வாங்கி, வாரம் இருமுறை, ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் தோல் டாக்டர்.

இனி வாரியத்தின் சரக்குக்கு வருவோம். ஓசூரில் பல வீடுகளின் போர்த் தண்ணீர் உப்பு. ஹீட்டர் கம்பியில் வெள்ளைப் படலம் கட்டும் அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்க மறுக்கிறது. தலையும் இல்லாமல் தேய்ப்பாரும் இல்லாமல் ஆறு மட்டும் தானாக நுரைக்கிறது என்றால் சரக்கின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. தயாரிப்பு முறையும் ஊரறிந்தது. பெங்களூரு துவைத்ததும் கழுவியதும், முழுதாகச் சுத்திகரிக்கப்படாத கழிவுநீராக பெல்லந்தூர், வர்தூர் ஏரிகளில் இறங்கி, தட்சிண பினாகினியில் கலந்து, எல்லையைத் தாண்டியதும் தென்பெண்ணை ஆகிறது. சலவைப் பொருள்கள் சேற்றோடு அடியில் படிந்து கிடக்கும். பெருமழை அவற்றைக் கலக்கி மேலே கொண்டுவரும்போது நுரை பொங்குகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்களே விளக்கியிருக்கிறார்கள்.

இதற்குப் பெங்களூரு பார்த்த கைவைத்தியம் சுவையானது. பெல்லந்தூர் ஏரி நுரை காற்றில் பறந்து சாலைக்கு வந்தபோது, கரையோரம் வலை கட்டினார்கள். பொடுகுத் தலைமேல் வலை மாட்டும் ஓசூர்ப் பெண்ணுக்கு அந்த ஏரி உடன்பிறப்பு. ஒரே வித்தியாசம், அவள் வீட்டுக்குப் போனதும் வலையைக் கழற்றி வெந்தயம் அரைக்கிறாள். ஏரியோ 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்தது. எந்தப் பாட்டி வைத்தியத்திலும் தலை தீப்பிடித்ததாகத் தகவல் இல்லை. 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும் பெங்களூரு மாநகராட்சிக்கு 25 கோடியும் அபராதம் விதித்து, ஏரிகளைச் சீராக்க 500 கோடியைத் தனிக் கணக்கில் போடச் சொன்னது.

அதே 2018-இல் தென்பெண்ணைத் தண்ணீருக்காகத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தண்ணீருக்குப் பங்குச் சண்டை உண்டு. நுரை விஷயத்தில் மட்டும் கர்நாடகம் ஒரு சொட்டுக்கும் உரிமை கொண்டாடியதில்லை; அத்தனையும் கீழ்மடைக்கே.

இன்னொரு பொருத்தமும் உண்டு. இந்த ஆறு கடைசியில் கடலைச் சேர்வது கடலூர் அருகே. ஷாம்பைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனைக்குப் பேர்போன சின்னி கிருஷ்ணன் கடலூர்க்காரர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பைக் கிராமத்துப் பெட்டிக்கடை வரை கொண்டுபோனார். அந்தக் குட்டிப் பாக்கெட்டில்கூட என்ன கலந்திருக்கிறது, எப்போது தயாரித்தது, எதுவரை செல்லும் என்று பொடி எழுத்திலாவது அச்சிட்டாக வேண்டும். ஆற்றோடு வரும் சரக்கில் இவை எதுவும் இல்லை. கெலவரப்பள்ளி அணையை நம்பிச் சுமார் 8,000 ஏக்கர் பாசனம். தக்காளிக்கும் முட்டைக்கோசுக்கும் பொடுகு வராது. அவற்றுக்கு எதற்கு ஷாம்பு என்று விவசாயிகள் கேட்பதற்கு ஊரில் பதில் இல்லை.

குடிநீரில் சலவைப் பொருள் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் 1 மில்லிகிராம் வரை பொறுக்கும். ஆகவே, கொடியாளம் அருகே ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில், தண்ணீரில் அன்றன்றைக்கு என்ன இருக்கிறது என்பதைச் சலவைப் பொருளின் அளவோடு கன்னடத்திலும் தமிழிலும் பலகையில் எழுதி வைக்குமாறு இரு மாநில வாரியங்களையும் ஓசூர்வாசிகள் கேட்டுக்கொள்கிறார்கள். ஏரிகளில் இறங்கும் ஒவ்வொரு கழிவுநீர்க் கால்வாயும் எந்தத் தேதிக்குள் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைக்கப்படும் என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும். அடுத்த மழைக்கு முன் இதைச் செய்து தந்தால் போதும். பொடுகை ஊர் பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஓசூர்வாசிகள்