தகடூர் வட்டாரத்தில் காயில் கட்டக் கொடுத்த மோட்டார் மீளும் முறைகள்: ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்

கடலோர ஊர்களில் முக்குளிப்போர் தங்கள் மூச்சுக் கருவியைச் சர்வீசுக்குக் கொடுத்துவிட்டு, அது கடையிலேயே காணாமற்போனதாகப் புலம்புவதுண்டு. 1943இல் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் அக்கருவியை உருவாக்கியபோது நீரின் அழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். பழுதுபார்க்கும் கடையைக் கணக்கிடவில்லை.

பழைய தகடூரான தருமபுரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஒகேனக்கல்லில் காவிரி உண்டென்றாலும், அங்கே லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு பரிசலில் மிதப்பதோடு சரி. இம்மாவட்டத்தில் உண்மையாக முக்குளிப்பது சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்றே. பொழுதுபோக்காக முக்குளிப்போருக்குச் சொல்லப்படும் எல்லை 40 மீட்டர், அதாவது சுமார் 130 அடி. நம் பக்கத்தில் போர் போடும் வண்டி ஆயிரம் அடியைத் தாண்டியும் புகையைத்தான் கக்குகிறது. எனவே ஆழத்தின் அடிப்படையில் மோட்டாரே மூத்த பொருளாகிறது. அது கடையில் காணாமற்போனால் மீட்பது எப்படி என்பதே இவ்வாய்வின் பொருள்.

இலக்கியச் சான்று

இத்துறையின் முதல் ஆவணம் புறநானூற்றின் 95ஆம் பாடல். தகடூர் மன்னன் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்க்கிறார். ஆயுதங்களெல்லாம் நெய் பூசி, மாலை சூட்டிப் பளபளவென்று நிற்கின்றன. எங்கள் மன்னன் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். உரைகாரர்கள் இதைப் புகழ்வதுபோல் இகழ்தல் என்பார்கள். நாம் இதை, தகடூர்க்காரர் ஒருவர் பழுதுபார்க்கக் கொடுத்த பொருள் பற்றிய மிகப் பழைய பதிவு என்கிறோம்.

பட்டறைக்குப் போன வேல்கள் திரும்பி வந்தனவா என்று பாடல் சொல்லவில்லை. பின்னாளில் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான் என்பது மட்டும் தெரியும். அதற்கு வரலாற்றாசிரியர்கள் பல காரணம் சொல்கிறார்கள். “வேல் நாளைக்கு ரெடியாயிடும்” என்று கொல்லன் சொன்ன வாய்ப்பை இதுவரை எவரும் ஆராயவில்லை.

காணாமற்போவதன் கட்டங்கள்

ஆர்மாயிஸ் அருத்யூனோவ் எண்ணெய்க் கிணறுகளுக்காக வளர்த்தெடுத்த நீர்மூழ்கிப் பம்பின் வழித்தோன்றலே இன்று நம் போர்வெல்லில் தொங்குகிறது. சுற்றி ஓடும் நீரே அதைக் குளிர்விக்கிறது. நீர் கீழே இறங்கிவிட்டாலும், மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டாலும், காயில் கருகும். மேலே தூக்கிக் கழற்றி, கோணியில் சுற்றி, டிவிஎஸ் எக்ஸெல்லில் வைத்துக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோனபின் நடப்பது மூன்று கட்டமாக அமைகிறது.

முதற்கட்டம்: “பேரிங் சேலத்துல இருந்து வரணுங்ணா.” இது நோயன்று, நலமாயிருப்பதன் அறிகுறி. மோட்டார் எங்கே இருக்கிறதென்று கடைக்காரருக்குத் தெரியும்.

இரண்டாம் கட்டம்: “பையன் வரட்டுங்ணா, அவனுக்குத்தான் தெரியும்.” பையன் தீர்த்தமலைக்குப் போயிருப்பான்.

மூன்றாம் கட்டம்: “உங்களுது எந்த மோட்டாருங்ணா?” இக்கேள்வி எழுந்த கணத்தில் பொருள் காணாமற்போய்விட்டது எனக் கொள்க. பாலக்கோடு பக்கத்தில் தக்காளி போட்டவருக்கு இக்கட்டத்திலேயே செடி தலை தொங்கிவிடும்.

கடைக்குள் நோக்கினால் காரணம் புலப்படும். சுவரோரம் மோட்டார்கள் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களாக ஒரே உயரத்தில், ஒரே தடிமனில் சாய்ந்து நிற்கின்றன. சாக்பீஸில் எழுதிய பெயர்கள் எண்ணெய்க் கையால் அழிந்து “முரு” என்றும் “ணசாமி” என்றும் மிஞ்சியிருக்கின்றன. கடைக்காரர் தம் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். அது அவர் நெற்றியில் இருக்கிறது.

சட்ட நோக்கு

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைத் தெளிவாகவே பேசுகிறது. ஒரு வேலைக்காகப் பொருளை ஒப்படைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுவதைப் பிரிவு 148 வரையறுக்கிறது. வேலை முடிந்தால் கேட்காமலே திருப்பித் தரவேண்டும் என்கிறது பிரிவு 160. கேட்காமலே! இப்பிரிவை எழுதியவர் காயில் கடைப் பக்கம் வந்திருக்க மாட்டார். கூலி தராதவரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமையைப் பிரிவு 170 கடைக்காரருக்குக் கொடுக்கிறது. அது மட்டும் சட்டம் படிக்காமலே எல்லாக் கடைக்காரருக்கும் தெரிந்திருக்கிறது.

சிக்கல் பிரிவு 151இல் உள்ளது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் இதே போன்ற தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகக் காப்பாரோ, அவ்வளவு கவனம் போதும் என்கிறது அது. நம் கடைக்காரர் தம் ஸ்பானரையும் மல்டிமீட்டரையும் கண்ணாடியையும் எப்படிக் காக்கிறாரோ அப்படியேதான் நம் மோட்டாரையும் காத்தார். ஆனால் அவரைச் சாதாரண விவேகி என்று ஒப்புக்கொள்ள அவர் வீட்டம்மாவே தயாரில்லை. எனவே வாதம் நமக்குச் சாதகமே. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமில்லை. தக்காளிக்கு மட்டும் இந்தக் காலக்கெடு பொருந்தாது.

மோட்டார் அழியாமை விதி

இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு இதுவே: காயில் கடையில் மோட்டார் தொலைவதில்லை, ஆள் மாறிப் போகிறது. உம்முடையது இல்லையென்றால், கேட்பாரற்ற இன்னொன்று அங்கே நின்றாக வேண்டும். ஆகவே தம் மோட்டாரைத் தேடுவோர் தோற்கிறார்கள். அநாதையாக நிற்பதைத் தேடி, அதன் சொந்தக்காரர் யாரென்று விசாரிப்பவரே வெல்கிறார். அந்தச் சொந்தக்காரரின் வயலில் உம் மோட்டார் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் கண்டுபிடிப்பது வேறு, மீட்பது வேறு. அது இப்போது எழுநூறு அடிக்குக் கீழே தொங்குகிறது. மேலே எடுக்க வண்டி வரவேண்டும், ஆள் வரவேண்டும், பைப்பைத் துண்டு துண்டாகக் கழற்ற வேண்டும். இந்தக் கூலி யார் தலையில் என்பதில்தான் பஞ்சாயத்தே. சட்டப்படி கடைக்காரர் தலையில். நடைமுறையில், குதிரைத்திறனும் ஸ்டேஜும் ஒத்துப்போனால் இருவரும் கைக்கு வந்ததை வைத்துக்கொள்கிறார்கள். கடைக்காரர் கூலியைத் தள்ளிவிட்டு, டீ வாங்கிக் கொடுக்கிறார். வந்த மோட்டார் போனதைவிட நன்றாக ஓடினால் எவரும் விதியைக் கேள்வி கேட்பதில்லை.

பரிந்துரைகள்

பொருளைக் கொடுக்கும்போதே உடலில் பொறித்த வரிசை எண்ணை ரசீதில் கடைக்காரர் கையால் எழுதி வாங்குக. போனில் ஒரு படம் எடுத்துக்கொள்க. சாக்பீஸை நம்பற்க, எனாமல் பெயிண்டால் இனிஷியலோடு எழுதுக, ஏனெனில் வெறும் “முருகன்” என்பது இம்மாவட்டத்தில் அடையாளம் ஆகாது. மூன்றாம் கட்டக் கேள்வி எழுந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல் கடை பெஞ்சிலேயே அமர்க. சும்மா உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரைக் காட்டிலும் கடைக்காரரின் நினைவாற்றலை நன்றாகத் தூண்டும் மருந்து இதுவரை அறியப்படவில்லை.

இவற்றில் எதையும் செய்யாதவர்கள் இத்துறையின் அடுத்த ஆய்வுக்குத் தரவாக அமைவார்கள். அவர்களுக்கு ஆய்வாளரின் நன்றி முன்கூட்டியே உரித்தாகுக.