தரைக்கு நடு கிடையாது

அமெரிக்காவில் காருக்கென்று கட்டிய அறையில் பல வீடுகளில் கார் நிற்பதில்லை. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001 முதல் 2005 வரை அந்த ஊரின் 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்குள் போய், இருக்கிற சாமானையெல்லாம் படம் பிடித்துக் கணக்கெடுத்தார்கள். 2012-இல் புத்தகமாக வந்த அந்தக் கணக்கின்படி, நான்கில் மூன்று கராஜ்களில் காரை உள்ளே விட வழியில்லை. வீட்டிலேயே விலை உயர்ந்த பொருள் வாசலில் வெயிலில் காய்கிறது. யாரும் ஓடாத டிரெட்மில், எப்போதோ கெட்டுப்போன டிவி வந்த அட்டைப்பெட்டி, பழைய வீட்டுச் சுவருக்கு வாங்கிய பெயின்டின் மிச்சம் ஆகியவை நிழலில் சுகமாக இருக்கின்றன. தமிழர் வீடானால் கொலுப்படியும் கிரைண்டர் வந்த பெட்டியும் கூடுதல். நம் ஊர்ப் பரணின் உத்தியோகத்தையும் அங்கே கராஜே சேர்த்துப் பார்க்கிறது. இந்த கராஜின் சிமென்ட் தரைக்குத்தான் எபாக்ஸி பூசுங்கள் என்று, முகம் தெரியும் அளவுக்கு மின்னும் தரைகளின் படத்தைக் காட்டி விற்கிறார்கள். பூச வேண்டும் என்பதே என் கட்சியும். ஆனால் விற்பவர்கள் சொல்லும் காரணம் எனக்கு ஒத்துவரவில்லை. எபாக்ஸியால் தரைக்குக் கிடைக்கும் லாபம் சுமார்தான். வீட்டுக்குக் கிடைக்கும் லாபம் பெரிது, அதுவும் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே கைக்கு வந்துவிடுகிறது. ஏனென்றால், பூசுவதற்கு முன் கராஜைக் காலி செய்தாக வேண்டும்.

காலி செய்வதற்கு எபாக்ஸி எதற்கு, ஒரு சனிக்கிழமை போதாதா என்று கேட்கலாம். அந்தச் சனிக்கிழமை எல்லா வீடுகளிலும் பலமுறை அறிவிக்கப்பட்டு, மழை, விருந்தாளி, கிரிக்கெட் என்று ஏதோ ஒன்றால் தள்ளிப்போன சனிக்கிழமைதான். பாதியில் நிறுத்த வசதியுள்ள எந்த வேலையும் பாதியில் நிற்கும். விருந்தாளி வந்தால் கராஜின் உள்கதவைச் சாத்தினால் போதும். வீடு மாற்றினால் பெட்டிகள் திறக்கப்படாமலே அடுத்த வீட்டு கராஜுக்குக் குடிபோகும். சுவருக்கு வண்ணம் அடிப்பதாக இருந்தால் சாமான்களையெல்லாம் அறையின் நடுவில் குவித்து, மேலே ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்திவிடலாம். தரைக்கு அப்படி ஒரு நடு கிடையாது. எல்லா இடமும் பூச வேண்டிய இடமே. புத்திசாலிகள் சிலர் பாதியைக் காலி செய்து பூசிவிட்டு, சாமானை அந்தப் பக்கம் தள்ளி மறுபாதியைப் பூசப் பார்ப்பார்கள். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு கோடு நிரந்தரமாகத் தங்கிவிடும். புதுப் பூச்சின்மேல் பளுவான சாமானை ஏற்ற ஒரு வாரம் வரை பொறுக்க வேண்டும் என்பதால் அந்தத் திட்டத்தில் நேரமும் மிச்சமாகாது. கடைசியில் டிரெட்மில் வெளியே வந்துதான் ஆக வேண்டும்.

அடுத்த கெடுபிடி வேதியியலிலிருந்து வருகிறது. எபாக்ஸியைப் பெயின்ட் என்று நினைத்து இறங்குகிறவர்கள் மோசம் போகிறார்கள். பெயின்ட் பெரும்பாலும் தண்ணீரோ கரைப்பானோ ஆவியாவதால் காய்கிறது. அதன் மூடியைப் போட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டு வரலாம். எபாக்ஸி இரண்டு டப்பாவில் வருகிறது. ஒன்றில் பிசின், மற்றதில் அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர். நம் ஊரில் இரண்டு டியூபாக விற்கும் அரால்டைட்டும் இதே வம்சம்தான். 1930களில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டன் என்ற வேதியியலாளர் பல் கட்டுவதற்கு ஏற்ற பொருளைத் தேடிச் செய்த வேலையிலிருந்து அது பிறந்தது. 1946-இல் சிபா நிறுவனம் அதை அரால்டைட் என்று பெயரிட்டு வெளியே கொண்டுவந்தது. பொய்ப்பல்லுக்காகத் தேடிய பொருள் கார் நிற்கும் தரை வரைக்கும் வந்திருக்கிறது. இரண்டு டப்பாவும் கலந்த நொடியில் வினை தொடங்கும். வினையில் சூடு பிறக்கும், சூடு வினையை இன்னும் முடுக்கும். கலவையை வாளியிலேயே வைத்துக்கொண்டு யோசித்தால் சூடு வெளியேற வழியில்லாமல் வாளி புகைய ஆரம்பிக்கும். உடனே தரையில் கொட்டிப் பரப்பினால் சூடு கலைந்து, ரோலர் போட அவகாசம் கிடைக்கும். கரைப்பான் கலக்காத கெட்டிச் சரக்கானால் வெயில் காலத்தில் அந்த அவகாசமும் அரை மணியைத் தாண்டுவது கஷ்டம். அந்த அரை மணிக்குள் உட்கார்ந்து, குழந்தையின் முதல் சைக்கிளை யாருக்குக் கொடுப்பது என்று குடும்பக் கூட்டம் போட முடியாது. முடிவெல்லாம் முன்பே எடுத்திருக்க வேண்டும். குடும்பத்தில் வேறு யாராலும் வாங்க முடியாத முடிவை ஒரு ஹார்டனர் வாங்கிவிடுகிறது.

தரையின் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும், அங்கே கூத்து அதிகம். கான்கிரீட்டைப் போட்டுத் தேய்க்கும்போது சிமென்ட் பால் மேலே வந்து மெல்லிய ஆடையாகப் படியும். பார்க்க வழவழப்பாக இருக்கும், ஆனால் பலமில்லாதது. அதன்மேல் பூசினால் எபாக்ஸி அந்த ஆடையை இறுகப் பிடித்துக்கொள்ளும், ஆடை தரையைப் பிடித்திருக்காது. ஆகவே அமிலம் ஊற்றி அரிக்க வேண்டும், அல்லது வைரப்பல் வைத்த கிரைண்டரால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். அமிலமென்றால் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டுமே தவிர அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது, ஊற்றினால் முகத்துக்குத் தெறிக்கும். கிரைண்டரென்றால் பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலைக் கெடுக்கும் அந்தத் தூசிக்கு, எட்டு மணி நேர வேலையில் கனமீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம் என்று 2016-இல் அமெரிக்க அரசு வரம்பு வகுத்தது. தொழிலாளிக்கு அந்தச் சட்டம் உண்டு, சனிக்கிழமை வீட்டுக்காரருக்கு முகமூடிதான் உண்டு. தேய்த்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். தரை குடித்துவிட்டால் சரி. முத்தாக உருண்டு நின்றால் அங்கே பழைய எண்ணெய்க் கறை இருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். பிடிப்பைச் சோதிக்கும் முறை இன்னும் வேடிக்கை. பூச்சு இறுகியபின் அதன்மேல் ஓர் உலோகக் குமிழை ஒட்டி, கருவியால் இழுத்துப் பிடுங்குவார்கள். குமிழோடு பூச்சு மட்டும் உரிந்து வந்தால் தோல்வி. அடியிலுள்ள கான்கிரீட்டும் பெயர்ந்து கூடவே வந்தால் அமோக வெற்றி. தரை உடைந்ததற்காகக் கைகுலுக்கிக்கொள்ளும் தொழில் வேறு ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை.

இத்தனையும் செய்த தரைக்குப் பெரிய பகை யார் தெரியுமா? கார்தான். நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் பூச்சு இளகும், டயர் ஆறிச் சுருங்கும்போது அதைப் பற்றி இழுக்கும். மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும்போது டயர் நின்ற இடத்தில் பூச்சு பெயர்ந்து வரும். தயாரிப்பு சரியில்லாத தரையிலும், மலிவான மெல்லிய சரக்கிலும் இது சகஜம். கார் நிற்பதற்காகப் பூசியது கார் நின்றதாலேயே போகிறது. இந்த ஒரு விஷயத்தில், காரை உள்ளே விடாத அந்த நான்கில் மூன்று வீட்டுக்காரர்கள் பூச்சின் நலனில் அக்கறை உள்ளவர்கள் என்றே சொல்ல வேண்டும்.

எண்ணெய்க் கறை, குளிர்நாட்டில் பனியைக் கரைக்கத் தூவும் உப்பு, ஓயாமல் எழும் சிமென்ட் தூசி இவற்றிலிருந்து எபாக்ஸி தரையைக் காப்பாற்றுகிறதே, அதை மறைக்கலாமா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். மறைக்கவில்லை. நன்றாகப் பிடித்த பூச்சின்மேல் சிந்திய எஞ்சின் ஆயிலைத் துணியால் துடைத்துவிடலாம், வெறும் கான்கிரீட் அதைக் குடித்துவிடும். ஆனால் தூசி அடங்கத்தான் வேண்டுமென்றால் சிலிக்கேட் கரைசல் ஒன்று இருக்கிறது. தெளித்தால் கான்கிரீட்டுக்குள் இறங்கி, மேற்பரப்பைக் கெட்டிப்படுத்தும். உப்புநீரைத் தடுக்க சிலேன் வகை மருந்து இருக்கிறது. இரண்டும் மேலே படலமாக நிற்பவை அல்ல என்பதால் டயர் பிடித்து இழுக்க எதுவும் இல்லை, உரியவும் எதுவும் இல்லை. பின் ஏன் வீட்டுக்காரர்கள் அவற்றைச் சீந்துவதில்லை? பூசியபின் தரை பூசுவதற்கு முன் இருந்த மாதிரியே இருக்கும், அதுதான் குற்றம். பணம் போட்டது கண்ணுக்குத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரை எதற்குக் கூப்பிடுவது? ஆக, தரையின் பாதுகாப்பு என்பது சொல்லும் காரணம், பளபளப்புதான் உள்ளே இருக்கும் காரணம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பளபளப்பு ஆசைதான் டிரெட்மில்லை வெளியே தள்ளுகிறது. சிலிக்கேட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

பூசும் நாளின் அலங்காரத்தையும் சொல்லிவிட வேண்டும். ஈரத் தரைமேல் நடப்பதற்கு அடியில் ஆணிகள் முளைத்த ஒரு பாதத்தட்டைச் செருப்பின்மேல் கட்டிக்கொள்வார்கள். அதோடு நடப்பதைப் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பை அடக்குவது சிரமம். நடந்துகொண்டே வண்ண வண்ணமான பிளாஸ்டிக் செதில்களைக் கைநிறைய அள்ளி, அட்சதை போடுவதைப் போல மேல்நோக்கி வீசுகிறார்கள். கீழ்நோக்கி எறிந்தால் ஒரே இடத்தில் குவிந்துவிடும் என்று விளக்கம். அழகுக்கென்று சொல்லப்படும் அந்தச் செதில்களின் நிஜமான வேலை, ரோலர் தடத்தையும் மேடுபள்ளத்தையும் மறைப்பது. ஈரமானால் வழுக்கும் என்பதால் மேலே அலுமினிய ஆக்சைடு மணலும் தூவச் சொல்வார்கள். ஒரு மாதம் மெனக்கெட்டு வழவழப்பாக்கியதைச் சொரசொரப்பாக்கவும் தனி விலை. வாசல் ஓரம் வெயில் படும் பட்டை நாளடைவில் மஞ்சளாகும், அதைத் தடுக்க இன்னொரு மேல்பூச்சு.

சரி, பூசி முடித்ததும் சாமானெல்லாம் திரும்ப உள்ளே வந்துவிடாதா? என் வாதத்துக்கு எதிராக உள்ளவற்றில் பலமானது இதுதான். வரும், எல்லாம் வரும் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் வந்த வழி வேறு. முதல் தடவை அவை ஒன்றொன்றாக, வருடக்கணக்கில், யாரும் பார்க்காதபோது நுழைந்தவை. இப்போது ஒரு வாரம் தார்ப்பாய் போர்த்தி, தெருவே பார்க்கக் கிடந்துவிட்டு, ஒவ்வொன்றும் யாராவது ஒருவர் தூக்கினால்தான் உள்ளே வரும். தூக்குகிறவருக்கு முதுகு இருக்கிறது. முதுகு கேட்கும் கேள்விக்கு டிவிப் பெட்டியால் பதில் சொல்ல முடியாது. அதற்குமேல், புதுத் தரையில் கீறல் விழுமே என்ற பயம் வேறு. முதல் சில மாதங்களுக்கு அது நல்ல காவல்காரன். காலி இடத்தின் அருமைக்கு ஒரு சாட்சியும் உண்டு. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஹியூலெட்டும் பேக்கார்டும் 1939-இல் தொழில் தொடங்கிய கராஜுக்கு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். சிலிக்கன் பள்ளத்தாக்கு பிறந்த இடம் என்று போட்டிருக்கும் அந்தப் பலகையில் தரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அங்கே இருந்த அதிசயம், இரண்டு பேர் நின்று வேலை செய்ய இடம் இருந்தது என்பதுதான்.

பேஸ்மென்ட் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் மிரளுகிறேன். கராஜ் தரையாவது வாசலை நோக்கிச் சரிந்து தண்ணீரை வெளியே அனுப்பும். பேஸ்மென்ட் மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பழைய வீடுகள் பலவற்றில் தரைக்கு அடியில் ஈரத்தடுப்புத் தாள் போட்டிருக்க மாட்டார்கள். மண்ணின் ஈரம் ஆவியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும், எபாக்ஸி வழியை அடைத்தால் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க மலிவான சோதனை ஒன்று உண்டு. 18 அங்குலச் சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு ஓரமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட வேண்டும். எடுத்துப் பார்த்தால் தாளின் அடியில் நீர்த்துளி நிற்கிறதா, கான்கிரீட் கறுத்திருக்கிறதா, அப்படியானால் பூசும் எண்ணத்தைக் கைவிட்டு ஈரத்தின் காரணத்தைத் தேடுவது நல்லது. தாள் உலர்ந்திருந்தாலும் அது அன்றைய நிலவரம்தான், மழைக்காலத்துக்கு உத்தரவாதம் இல்லை. தோல்விதானே என்பீர்கள். தாளை ஒட்டுவதற்காகச் சாமானை நகர்த்தியபோது, அடியில் பூஞ்சை பிடித்து நமுத்துப்போன பெட்டிகள் வெளிப்பட்டிருக்கும். ஒரு சொட்டு எபாக்ஸி செலவில்லாமல் முழுப் பலனும் கிடைத்த வீடு அது.

வாங்கி வைத்த எபாக்ஸியை என்ன செய்வது என்பது மட்டும் பாக்கி. இரண்டு பாகமும் கலந்து இறுகிவிட்டால் சாதாரணக் குப்பையில் போடலாம் என்று பல ஊர்களில் விடுகிறார்கள். கலக்காத பிசினும் ஹார்டனரும் அபாயக் கழிவு, குப்பைத்தொட்டியில் சேர்க்கக்கூடாது. பல ஊர்களில் அதை வாங்கிக்கொள்ளும் முகாமுக்கென்று குறிப்பிட்ட நாள் உண்டு. அந்த நாள் வரும் வரைக்கும், பனி படாமல், வெயில் படாமல், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. வீட்டில் அதற்குத் தோதான இடம் கராஜ்தான், பழைய பெயின்ட் டப்பாவுக்குப் பக்கத்தில்.