யாழ்ப்பாணத்துச் சலிப்பியல்: புட்டு, பனையோலை, செபமாலை ஆகியவற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

காலையில் புட்டு, மத்தியானம் சோறு, இரவு மறுபடியும் புட்டு. இடையில் கிணற்றடி, கந்தோர், கோயில், சந்தை. இவ்வாறு நகரும் குடாநாட்டு வாழ்வில் சலிப்பு எங்கே ஊறுகிறது, கிறிஸ்தவ விசுவாசம் அதை எவ்வாறு வற்றச் செய்கிறது என்பதை எவரும் முறைப்படி ஆராயவில்லை. ஆராயத் தொடங்கியவர்கள் பாதியில் கொட்டாவி விட்டு எழுந்து போயிருக்கலாம். அந்த இடைவெளியை நிரப்புவதே எமது நோக்கம். இடைவெளி இல்லாத துறையில் பட்டம் எடுக்க முடியாது. ஆகவே இடைவெளி இருந்தே ஆகவேண்டும் என்பது எமது முதற் கருதுகோள்.

2. முன்னோர் ஆய்வுகள்

இத்துறையின் பிதாமகர் எவாக்ரியுஸ். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் தவமிருந்தவர். மனிதரை அலைக்கழிக்கும் எட்டுத் தீய எண்ணங்களைப் பட்டியலிட்டபோது சலிப்பையும் அதில் சேர்த்தார். அவர் கணிப்பில் அது நண்பகலில் வரும் பேய். சூரியனை நகரவிடாமல் பிடித்து வைக்கும்; யன்னல் பக்கம் ஓயாமல் பார்க்கத் தூண்டும்; சாப்பாட்டு நேரமாயிற்றா என்று வானத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லும்; இருக்கும் இடத்தையும் செய்யும் வேலையையும் வெறுக்கப் பண்ணும். எவாக்ரியுஸ் யாழ்ப்பாணத்துக் கந்தோர் எதிலும் வேலை பார்த்ததற்குச் சான்றில்லை. ஆனால் வருணனையின் துல்லியம் ஐயத்தை எழுப்புகிறது.

3. வகைப்பாடு

(அ) பிரசங்கச் சலிப்பு: அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையில் நிலையம் அமைத்த 1816இலிருந்து அவதானிக்கப்படுகிறது. பிரசங்கம் முடிந்ததும் முடிவுகள் வெளியாகும்.

(ஆ) கந்தோர்ச் சலிப்பு: தகவல் தரவேண்டியவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார்.

(இ) வெளிநாட்டுச் சலிப்பு: மேற்படியே, பனியுடன்.

(ஈ) புட்டுச் சலிப்பு: இது விரிவாக நோக்கத்தக்கது.

இயேசு கற்பித்த செபத்தில் அன்றாட உணவு கேட்கப்படுகிறது. வகைவகையாகக் கேட்பதற்கு அதில் வசதி செய்து தரப்படவில்லை. திங்கள் புட்டு கிடைத்தவர் செவ்வாயும் அதையே பெற்றால், மன்றாட்டு நிறைவேறியதாகவே கொள்ளவேண்டும் (பக்கத்து வீட்டு ஆச்சி, வேலிக்கு மேலாக).

இனி வனத்து அந்தோனியார். இவர் எகிப்தியர். பாசையூரில் கோயில்கொண்டிருக்கும் பதுவைப் பதியர் வேறு. இருவரையும் குழப்பக்கூடாது, குழப்பினால் மறுப்புக் கட்டுரை ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். வனத்து அந்தோனியார் ஒருநாள் சலிப்பால் வாடி, மீட்புக்கு வழி கேட்டபோது, தம்மைப் போன்ற ஒருவர் உட்கார்ந்து கயிறு திரிப்பதையும், எழுந்து செபிப்பதையும், மீண்டும் உட்கார்ந்து திரிப்பதையும் கண்டார். அது சம்மனசு. இப்படியே செய், பிழைப்பாய் என்பது அதன் செய்தி. துறவிகள் கதை இத்தோடு முடிகிறது. ஆய்வாளர் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

அப்பாலைவனத் துறவிகள் ஓலை பின்னிப் பிழைத்தவர்கள். ஓலை என்றால் பனையோலை. பனை என்றால் யாழ்ப்பாணம். பனையோலையில் பின்னுபவற்றுள் தலையாயது நீத்துப்பெட்டி (மேற்படி ஆச்சி, அதே வேலி, திருத்திய கருத்து). நீத்துப்பெட்டி புட்டு அவிப்பதற்கன்றி வேறெதற்கும் ஆகாது (மேற்படி ஆச்சி, கிணற்றடிப் பதிப்பு, வாளி உள்ளே விழுமுன் கூறியது; விழுந்தபின் கூறியது அச்சுக்கு உதவாது). எனவே சம்மனசு பின்னியது நீத்துப்பெட்டியே. எனவே 4ஆம் நூற்றாண்டு எகிப்தில் புட்டு இருந்தது. எனவே வனத்து அந்தோனியாரின் பூர்வீகம் தென்மராட்சி. வடமராட்சியாரின் மறுப்பு, இக்கட்டுரை வெளிவருமுன்னரே வந்து சேர்ந்துவிட்டது.

"அது பனையில்லை, பேரீச்சை" என்று தாவரவியல் படித்த ஒருவர் குறுக்கிட்டார். உலகில் முதலில் தோன்றியவை எல்லாம் நம்முடையவையே என்று நிறுவும் மாநாடுகளுக்குத் தாவரவியலாளரை ஏன் அழைப்பதில்லை என்பது எமக்கு அப்போது விளங்கியது.

4. தோலகட்டிச் சான்று

1928இல் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். முறைவைத்து இரவும் பகலும் ஓயாமல் செபமாலை சொல்லுவது அத்துறவிகளின் வாழ்முறை ஆயிற்று. உள்ளூரார் அவர்களை நெல்லிரசத்தாலும் அறிவர். இங்கேதான் எமது கோட்பாடு இடறுகிறது. திரும்பத் திரும்பச் செய்வதால் சலிப்பு வருமென்றால், அருள்நிறை மரியே மன்றாட்டை 53 மணிகளில் 53 தடவை சொல்லுவோர் முதற் கிழமையே மதில் ஏறிக் குதித்திருக்கவேண்டும். புதுமையும் அங்கே அபூர்வம்: பல நூற்றாண்டுகளாக 15 ஆக இருந்த தேவ இரகசியங்கள் 2002இல்தான் 20 ஆயின.

ஆய்வுலகில் இதற்கு ஒப்பான நெறி ஒன்று உண்டு. ஒரே கட்டுரையைத் தலைப்பு மாற்றி மாநாடு மாநாடாக வாசிப்பதே அது. வேறுபாடு சிறியது. துறவிகள் ஒவ்வொரு தடவைக்கும் பதவி உயர்வு கேட்பதில்லை.

5. கள ஆய்வு

மேற்படி ஆச்சி நீத்துப்பெட்டி பின்னி முடித்துச் செபமாலையோடு இருந்த வேளையில், வினாக்கொத்துடன் அணுகினோம்.

"ஆச்சி, ஒண்டையே திருப்பித் திருப்பிச் சொல்ல அலுக்கேல்லையோ?"

"எது தம்பி ஒண்டு? இந்த மணி மூத்தவனுக்கு, கனடாவில நிக்கிறான். இது அவன்ரை பெட்டைக்கு, சோதினை எடுக்கிறாள். இது லண்டனில இருக்கிறவனுக்கு. போன் எடுக்கிறேல்லை, அதால அவனுக்கு ரெண்டு மணி. இது காணாமல் போனவனுக்கு. இது உமக்கு; உந்தக் கடதாசியோட வேலைவெட்டி இல்லாமல் திரியிறீர்."

6. முடிவுகள்

வினாக்கொத்தில் மிக அதிகம், அதிகம், நடுத்தரம், குறைவு என நான்கு கட்டங்களே இருந்தன. ஆச்சியின் பதில் அவற்றுள் எதிலும் அடங்காததால் 'ஏனையவை' என்ற நிரலில் பதியப்பட்டது. அந்நிரல் வழமைபோல் இறுதிப் பகுப்பாய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே, விசுவாசம் அன்றாடச் சலிப்பை நீக்குகிறது என்பதற்குத் தக்க சான்று எதுவும் கிடைக்கவில்லை. மேலும் ஆய்வு தேவை.