மே ஐ கம் இன்?

"கேன் ஐ கோ டு தி டாய்லெட், மிஸ்?"

"முடியுமா முடியாதான்னு உனக்குத்தானேடா தெரியும்!"

கால் மாற்றிக் கால் வைத்து நெளிகிற பையனுக்கு அந்த நேரத்தில் ஓர் இலக்கண வகுப்பு. கேன் என்றால் திறமையாம், மே என்றால்தான் அனுமதியாம். இங்கிலீஷ் மீடியம் படித்த முக்கால்வாசிப் பேர் இந்த வாசலில் நின்று நெளிந்தவர்கள்தாம்.

மிஸ் சொல்லாமல் விட்ட சங்கதி ஒன்று உண்டு. பழைய ஆங்கிலத்தில் பலத்தையும் இயலுவதையும் குறித்த சொல்லே மே. அதன் உடன்பிறப்பான மைட்டுக்குப் பெயர்ச்சொல்லாக இன்றும் வலிமை என்றே பொருள். கேன் அன்று 'அறிவேன்' என்றிருந்தது. ஆயிரம் ஆண்டு முன்னால் பிறந்திருந்தால் 'மே ஐ' என்றவனுக்குத்தான் அந்தத் திட்டு விழுந்திருக்கும்.

நம்முடைய 'லாம்' மட்டும் என்ன யோக்கியம்? 'நீ போகலாம்' அனுமதி. 'மழை வரலாம்' வாய்ப்பு. மழைக்கு யார் அனுமதி கொடுத்தது என்று நாம் கேட்பதில்லை.

கோப்புகளில்தான் இந்த வித்தை முழு வீச்சில் நடக்கிறது. என் மனு மீது 'மே பி கன்சிடர்ட்' என்று எழுதியிருந்தார்கள். பரிசீலிக்க அனுமதியா, பரிசீலித்தாலும் பரிசீலிப்பார்கள் என்ற ஊகமா? கேட்டுவிடலாமென்று போனேன். பழக்கதோஷம், அறை வாசலிலேயே நின்று, "மே ஐ கம் இன், சார்?" என்றேன்.

"வரலாமே," என்றார் தலை நிமிராமல். "நாளைக்கு."