காரணம் சொல்லு, தம்பி!

சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் கண்ணாடி மாளிகைகளில் தினமும் ஒரு விசாரணை நடக்கிறது. குற்றவாளி இருபத்துநாலு வயதுப் பையன். குற்றம், முந்தைய கம்பெனியில் நாலே மாதம் இருந்தது. "ஏன் இவ்வளவு சீக்கிரம் விட்டீங்க? ஒரு இடத்துல நிக்க மாட்டீங்களோ?"

என்ன நியாயமான கேள்வி! கேட்கிறவரின் கம்பெனி தரும் ஆஃபர் லெட்டரை ஒருதரம் படித்துப் பாருங்கள். புரொபேஷன் காலத்தில் காரணம் எதுவும் சொல்லாமலே நீக்கலாம் என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அனுப்புகிறவன் காரணம் சொல்ல வேண்டாம். அனுப்பப்பட்டவன்தான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும்.

அதிலும் சில கம்பெனிகளுக்கு மகா கருணை. நீக்கவே மாட்டார்கள். தனி அறைக்குக் கூப்பிட்டு, செல்போனை வெளியே வைக்கச் சொல்லி, "நீங்களே பேப்பர் போட்டுடுங்க, இல்லேன்னா ரிலீவிங் லெட்டர் கஷ்டம்" என்பார்கள். பையன் 'சொந்தக் காரணங்களுக்காக' என்று டைப் அடிப்பான். அடுத்த கம்பெனி ஹெச்.ஆர். புருவத்தை உயர்த்துவார்: "சொந்தக் காரணம்னா? வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" வீட்டில் ஒன்றுமில்லை, மேடம். உங்கள் ஜாதிக்காரர் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதியது அது. ஹெச்.ஆர். ஜாதியைச் சொல்கிறேன்.

2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸின் மைசூரு வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள், உள்தேர்வில் தேறவில்லை என்று வெளியே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் 2022-லேயே ஆஃபர் வாங்கிவிட்டு, சேரச் சொல்லும் நாளுக்காக இரண்டு ஆண்டுக்கு மேல் காத்துக் கிடந்தவர்கள். அந்த விசுவாசத்தை பயோடேட்டாவில் எங்கே எழுதுவது? உள்ளே இருந்த மாதங்களை மட்டும் விரல்விட்டு எண்ணுவார்கள்.

மறைத்துவிடலாம் என்றால் பி.எஃப். கணக்கு விடாது. 2014-இல் அதற்கென்று வந்த யு.ஏ.என். எண்ணைத் தட்டினால் சேர்ந்த தேதி, விட்ட தேதி எல்லாம் வந்து விழும். வேலையை விட்ட காரணத்துக்கும் அதில் ஒரு பட்டியல் உண்டு: ஓய்வு, மரணம், நிரந்தர ஊனம், 'ஷார்ட் சர்வீஸ்'. சம்பளத்தை இழுத்தடித்தான், சொன்ன வேலை ஒன்று கொடுத்த வேலை ஒன்று, மேனேஜர் வாயைத் திறந்தாலே வசவு என்பதற்கெல்லாம் அங்கே இடம் கிடையாது. செத்துப்போனால் இருக்கிறது.

இதற்கும் மேலே, பழைய முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசிவிடாதே என்று புத்தி சொல்ல ஒரு கூட்டம். "வளர்ச்சிக்கான வாய்ப்பைத் தேடினேன்" என்று சிரித்த முகத்தோடு பொய் சொல்ல வேண்டுமாம். பொய் சொன்னவனுக்கு வேலை கொடுத்துவிட்டு, அவனுடைய நேர்மையைச் சோதிக்க பேக்கிரவுண்டு வெரிஃபிகேஷனுக்குக் காசு கட்டுவார்கள்!

தம்பி, தங்கச்சி, இண்டர்வியூ முடியும்போது "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?" என்பார்கள். தலையாட்டிவிட்டு எழுந்து வராதீர்கள். இந்த சீட்டில் எனக்கு முன்னால் இருந்தவர் எத்தனை மாதம் இருந்தார், ஏன் போனார் என்று கேளுங்கள். அவர்களும் கொஞ்சம் காரணம் சொல்லட்டும்.