சனிக்கிழமை இரவு

கேள்வி: ஞாயிறு பிரசங்கத்துக்காக எங்கள் பாஸ்டர் சனிக்கிழமை இரவெல்லாம் கண் விழிக்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?
(வாசகி, சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்)

பதில்: முதலில், அந்த நேரத்தில் அவருக்குப் போன் செய்யாதீர்கள்! அடுத்து, ஜெபியுங்கள். சங்கிலியில் கிடந்த பவுல், எபேசு சபையிடம் கேட்டது விடுதலைக்கான ஜெபத்தை அல்ல. வாய் திறந்து தைரியமாய்ப் பேச வார்த்தை வேண்டும் என்றார் (எபேசியர் 6:19). அப்போஸ்தலருக்கே தேவைப்பட்டது, உங்கள் பாஸ்டருக்கு வேண்டாமா? ஜெபிக்க இடம் தேடினால், உங்கள் சாலைக்குப் பக்கத்திலேயே ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம் இருக்கிறது. தெருவின் பெயர்தான் ஷார்ட். உங்கள் ஜெபம் நீளமாகவே இருக்கட்டும்.

ஆராதனை முடிந்து தேக்காவில் தே தாரிக் குடிக்கும்போது, “நல்லா இருந்துச்சு பாஸ்டர்” என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள். மனதில் தைத்த ஒரு வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். இந்த ஞாயிறே சொல்லுங்கள்.